எய்யோ: ஃபியோர்டுக்குள் இறங்கும் 2 கிலோமீட்டர் ஆறு

(காட்சி: மேலிருந்து எடுத்த படம். செங்குத்தான மலைகளுக்கு நடுவே கரும்பச்சை நீர்ப்பரப்பு. அதன் முனையில் சிறிய ஊர். ஊரைப் பிளந்துகொண்டு ஒரு வெள்ளிக் கோடு.)

குரல்:
நார்வேயின் தென்மேற்கில் ஹார்டாங்கர் ஃபியோர்ட் இருக்கிறது. 179 கிலோமீட்டர் நீளம். கடல், மலைகளுக்கு நடுவே இவ்வளவு தூரம் உள்ளே நுழைந்து, கடைசியில் பல கிளைகளாகப் பிரிகிறது. கிழக்குக் கிளையின் முனையில் இருக்கும் ஊர் எய்ட்ஃபியோர்ட். ஊர் நடுவே கடலில் சேரும் ஆற்றின் பெயர் எய்யோ. நீளம் ஏறக்குறைய 2 கிலோமீட்டர்தான். அரை மணி நேரத்தில் கரையோரமாக நடந்து முடித்துவிடலாம்.

இந்த 2 கிலோமீட்டரில் ஒரு பனியாறு, அதாவது மெல்ல நகரும் பெரும் பனிக்கட்டித் திரள், நின்ற இடம் தெரிகிறது. கடல் எந்த உயரத்தில் இருந்தது என்பது அளவுகோல் வைத்தாற்போலத் தெரிகிறது. நிலம் எத்தனை மீட்டர் எழும்பியது என்பதைக்கூடக் கணக்கிட முடிகிறது. ஒரு ஃபியோர்ட் ஆற்றைப் படிக்க எய்யோவைவிட நல்ல பாடம் கிடைப்பது கடினம்.

(காட்சி: நிலப்படம். ஃபியோர்ட், ஆறு, ஏரி மூன்றும் ஒரே நேர்கோட்டில் ஒளிர்கின்றன.)

குரல்:
முதலில் பெயர்களைப் பார்த்துவிடுவோம், நிலப்படத்தைப் படிக்க அவை உதவும். நார்வீஜிய மொழியில் 'வாட்ன' என்றால் ஏரி, 'ஃபாஸ்' என்றால் அருவி, 'எல்வ்' என்றால் ஆறு. 'எய்ட்' என்பது இரண்டு நீர்ப்பரப்புகளுக்கு இடையே கிடக்கும் ஒடுங்கிய நிலம். தமிழில் பூசந்தி என்கிறோமே, ஏறக்குறைய அதுதான். நார்வே நிலப்படத்தில் எய்ட் என்று தொடங்கும் ஊரைக் கண்டால், இரு பக்கமும் தண்ணீர் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

இங்கே அந்த இரண்டு நீர்ப்பரப்புகள் எவை? வடமேற்கே உப்புநீர் ஃபியோர்ட். தென்கிழக்கே எய்ட்ஃபியோர்ட்வாட்ன என்ற நன்னீர் ஏரி. ஏரியின் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 19 மீட்டர். ஏரியிலிருந்து கடலுக்கு இறங்கும் வழிதான் எய்யோ. 2 கிலோமீட்டரில் 19 மீட்டர் இறக்கம், அதாவது கிலோமீட்டருக்கு ஒன்பதரை மீட்டர். கூழாங்கற்களின் மேல் சலசலவென்று ஓடப் போதுமான சரிவு, அருவியாக விழப் போதாத சரிவு.

நிலப்படத்தில் ஏரியைக் கவனியுங்கள். ஒடுங்கி நீண்ட வடிவம். இரு கரையிலும் செங்குத்துப் பாறைச் சுவர்கள். ஃபியோர்டின் வடிவமும் அதுவே. ஏரி, ஃபியோர்டின் தொடர்ச்சி. நடுவில் ஏதோ ஒன்று குறுக்கே விழுந்து இரண்டையும் பிரித்திருக்கிறது.

(காட்சி: ஊருக்கு மேலே தட்டையான ஒரு மேடை. புல்வெளி, பைன் மரங்கள், இடையிடையே சிறு மண்மேடுகள்.)

குரல்:
குறுக்கே விழுந்த அந்தப் பொருள் இதுதான். ஹேரெய்ட் மேடை. கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 100 மீட்டர் உயரத்தில், மேசைபோலத் தட்டையாகக் கிடக்கிறது. சுற்றிலும் வானுயர்ந்த பாறை மலைகள். நடுவே இப்படி ஒரு சமதளம் எங்கிருந்து வந்தது?

பாறை அல்ல இது. மணலும் சரளையும் கூழாங்கல்லும். சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகம் முடிகிற நேரத்தில், பள்ளத்தாக்கை நிரப்பிக் கிடந்த பனியாறு பின்வாங்கிக்கொண்டிருந்தது. இப்போது ஏரியின் கீழ்முனை இருக்கும் இடத்தில் அதன் முகப்பு சில காலம் நின்றது. பனியாறு ஒரே இடத்தில் நின்றாலும் அதற்குள் பனி நகர்ந்துகொண்டேதான் இருக்கும். பின்னாலிருந்து வருவது முன்னால் உருகும். உருகிய நீர் மணலையும் கல்லையும் அள்ளிவந்து, எதிரே இருந்த கடலில் கொட்டியது. கொட்டிக் கொட்டி, கடல்மட்டம் வரை ஒரு கழிமுகம் உயர்ந்தது.

அந்தக் கழிமுகம் இன்று 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல் இறங்கவில்லை, நிலம் ஏறிவிட்டது. கிலோமீட்டர் கணக்கில் தடித்த பனியின் எடை, பூமியின் மேலோட்டை அழுத்தி வைத்திருந்தது. பனி போனதும் மேலோடு மெல்ல எழும்பியது.

இதில் பலரும் செய்யும் ஒரு தவறு உண்டு. மேடை 100 மீட்டரில் இருப்பதால் நிலம் 100 மீட்டர் எழும்பியது என்று சொல்லிவிடுகிறார்கள். அன்றைக்கு உலகக் கடல்மட்டமே இன்றைக்கு இருப்பதைவிடச் சுமார் 50 முதல் 60 மீட்டர் தாழ்வாக இருந்தது, பனித்தகடுகள் இன்னும் முழுதாக உருகவில்லை. அந்தத் தாழ்ந்த கடலின் மட்டத்தில் உருவான மேடை, இன்றைய உயர்ந்த கடலுக்கும் 100 மீட்டர் மேலே நிற்கிறது. ஆகவே நிலத்தின் உண்மையான எழுச்சி 150 மீட்டரைத் தாண்டும். எழுச்சியின் பெரும்பகுதி முதல் சில ஆயிரம் ஆண்டுகளிலேயே நடந்து முடிந்தது. மிச்சம் இன்றும் மிக மெதுவாக நடந்துகொண்டிருக்கிறது.

(காட்சி: வரைபடம். கழிமுகத்தின் குறுக்குவெட்டு. மேலே கிடையான அடுக்குகள், நடுவில் சாய்ந்தவை, அடியில் மீண்டும் கிடையானவை.)

குரல்:
சரி, ஒரு மணல்மேடு பழைய கடல்மட்டத்தைக் காட்டுகிறது என்று எப்படி உறுதிசெய்வது? மேடையின் உயரத்தை மட்டும் நம்பக்கூடாது. வெட்டுமுகம் ஒன்றைப் பார்க்க வேண்டும்.

ஆழமான நீரில் கற்களைக் கொட்டும் ஆறு மூன்று வகை அடுக்குகளை விட்டுச்செல்லும். அடியில், நுண்மணலும் வண்டலும் தொலைவுவரை மிதந்துபோய்ப் படிந்த கிடையான அடுக்கு. அதன்மேல், விளிம்பில் கொட்டிய சரளை சரிந்து சரிந்து உருவான சாய்வடுக்கு. இதன் சாய்வு 20 முதல் 30 பாகை வரை இருக்கும், லாரியிலிருந்து கொட்டிய மணற்குவியலின் பக்கம்போல. எல்லாவற்றுக்கும் மேலே, ஆறு கிளைகளாகப் பிரிந்து ஓடிய கூழாங்கல் தளம், மீண்டும் ஏறக்குறையக் கிடையாக.

சாய்வடுக்கு முடிந்து மேலடுக்கு தொடங்கும் கோடு எந்த உயரத்தில் இருக்கிறதோ, அதுதான் அன்றைய நீர்மட்டம். மேடையின் மேற்பரப்பு அதைவிடச் சில மீட்டர் உயரமாக இருக்கலாம், ஏனென்றால் ஆறு அதன்மேலும் கல்லைப் பரப்பியிருக்கும். சில மேடைகள் கடலில் உருவானவையே அல்ல. பனியாற்றுக்கும் மலைச்சுவருக்கும் இடையில் தேங்கிய நீரில் உருவானவையும் உண்டு. அவற்றின் உயரத்தைக் கடல்மட்டம் என்று எடுத்துக்கொண்டால் கணக்கு முழுதும் பிழையாகிவிடும். ஒரே பள்ளத்தாக்கில் பல மேடைகளின் உயரம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது இதற்காகத்தான்.

இப்போது எய்யோவின் வேலை புரியும். நிலம் எழும்ப எழும்ப, ஏரியிலிருந்து வெளியேறிய நீர் இந்த மணல்மேடையைக் குறுக்கே அறுத்தது. அறுத்த மணலைக் கடலில் கொண்டுபோய்க் கொட்டியது. எய்ட்ஃபியோர்ட் ஊரின் தாழ்ந்த பகுதி அப்படி மறுபடியும் கொட்டப்பட்ட சரளையின் மேல்தான் நிற்கிறது. மேலே ஒரு பழைய கழிமுகம், கீழே அதை உடைத்துச் செய்த புதிய கழிமுகம், இரண்டையும் இணைக்கும் வெட்டு எய்யோ.

கடல், ஏரியின் 19 மீட்டர் உயர வாசலுக்குக் கீழே போன பிறகு உப்புநீரால் உள்ளே ஏற முடியவில்லை. அதுவரை ஃபியோர்டின் கிளையாக இருந்தது, ஏரி ஆனது.

(காட்சி: மேடையில் உள்ள மண்மேடுகள் நெருக்கத்தில்.)

குரல்:
மேடையின் மேல் தெரியும் சிறு மேடுகள் கல்லறைகள். கி.பி. 400 முதல் 1000 வரையிலான காலத்தைச் சேர்ந்தவை, சுமார் 350 இருக்கின்றன. இரும்புக்காலக் கல்லறைகள் இவ்வளவு நெருக்கமாக ஓரிடத்தில் இருப்பது இந்த வட்டாரத்தில் அரிது. சரளை நிலத்தில் தண்ணீர் தேங்காது. ஆற்று வெள்ளம் 100 மீட்டர் ஏறாது. பனிச்சரிவு விழும் மலையடியிலிருந்தும் விலகியிருக்கிறது. கீழே ஊரில் 1309-ஆம் ஆண்டின் கற்கோயில் ஒன்று, பழைய தேவாலயம், இன்றும் நிற்கிறது.

(காட்சி: ஏரியின் மேல்முனை. இரண்டு ஆறுகள் வந்து சேரும் தட்டையான நிலம். பிறகு வோரிங்ஸ்ஃபாஸன் அருவி.)

குரல்:
எய்யோ குட்டி ஆறுதான். ஆனால் அதில் வரும் தண்ணீர் ஏரியில் பிறந்ததல்ல. ஏரியின் மேல்முனையில், ஓவ்ரே எய்ட்ஃபியோர்ட் என்ற இடத்தில், இரண்டு பெரிய ஆறுகள் வருகின்றன. ஒன்று பியோரெய்யோ, மற்றொன்று வெய்க். இரண்டுமே ஹார்டாங்கர்விட்டா என்ற மேட்டுச் சமவெளியிலிருந்து இறங்குகின்றன. சமவெளி கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,100 மீட்டர். பள்ளத்தாக்கின் தரை கடல்மட்டத்தை ஒட்டி இருக்கிறது. இடையில் மென்மையான சரிவு இல்லை, செங்குத்தான இறக்கம்தான். ஆகவே ஆறுகள் விழுகின்றன. பியோரெய்யோவில் உள்ள வோரிங்ஸ்ஃபாஸன் அருவியின் மொத்த உயரம் 182 மீட்டர். அதில் 163 மீட்டர் தங்குதடையில்லாத வீழ்ச்சி.

இவ்வளவு உயரத்திலிருந்து விழும் ஆறு ஏராளமான கல்லும் மணலும் கொண்டுவரும். ஆனால் அவை எய்யோவுக்கு வந்து சேர்வதில்லை. ஏரிக்குள் நுழைந்ததும் வேகம் அடங்குகிறது. கல் உடனே விழுகிறது, மணல் சற்று தள்ளி விழுகிறது, நுண்வண்டல் ஏரியின் ஆழத்தில் படிகிறது. ஓவ்ரே எய்ட்ஃபியோர்ட்டின் தட்டை நிலம் அப்படி வளர்ந்ததே. கீழ்முனையில் வெளியேறும் எய்யோ தெளிந்த நீர். ஏரி ஒரு வடிகட்டி.

தெளிந்த நீருக்கு ஒரு குணம் உண்டு. சுமை இல்லாத ஆற்றுக்குக் கையில் மிச்சச் சக்தி இருக்கும். அது கரையை அரிக்கும். அரிக்கக்கூடிய நுண்மணலையெல்லாம் கொண்டுபோன பிறகு, நகர்த்த முடியாத பெரிய கூழாங்கற்கள் மட்டும் தளத்தில் கவசம்போல மிஞ்சும். எய்யோ போன்ற ஏரி வாசல் ஆறுகளின் தளத்தில் கல் கரடுமுரடாக இருப்பதற்குக் காரணம் அதுதான். இத்தகைய ஆற்றில் கரை வேலைக்காக அந்தக் கல்லை அள்ளினால், அடியில் உள்ள மெல்லிய மணல் வெளிப்பட்டு, அடுத்த வெள்ளத்தில் தளம் வேகமாக ஆழமாகும். கரைச்சுவரின் அடித்தளம் அந்தரத்தில் நிற்கும்.

(காட்சி: மலைமேல் அணை. நிலப்படத்தில் ஒரு சிவப்புப் புள்ளிக்கோடு மலைக்குள் புகுந்து வேறொரு ஃபியோர்ட் கிளைக்குப் போகிறது.)

குரல்:
இன்னொரு முக்கியமான விஷயம். எய்யோவுக்கு வரவேண்டிய தண்ணீரில் ஒரு பகுதி வேறு வழியாகக் கடலுக்குப் போகிறது. பியோரெய்யோவின் மேற்பகுதியில் சீசன் அணை இருக்கிறது, பாறைகளைக் குவித்துக் கட்டியது, 81 மீட்டர் உயரம், 1,160 மீட்டர் நீளம். அங்கே தேங்கும் நீர் சுரங்கம் வழியாக சீமா மின்நிலையத்துக்கு இறங்குகிறது. மலைக்குள் குடைந்த நிலையம், 1980-இல் இயங்கத் தொடங்கியது. சுழலிகளைச் சுற்றிவிட்டு வெளியேறும் நீர் சேருமிடம் சீமாடால் ஃபியோர்ட், பக்கத்துக் கிளை.

எனவே எய்யோவின் இன்றைய ஓட்டம், இயற்கையாக வரும் வெய்க் ஆற்றின் நீரும், குறைந்துபோன பியோரெய்யோவின் நீரும் சேர்ந்தது. அருவி வற்றிவிடக்கூடாது என்பதற்காக ஒரு விதி இருக்கிறது: ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை வோரிங்ஸ்ஃபாஸனில் வினாடிக்குக் குறைந்தது 12 கன மீட்டர் ஓட வேண்டும். 107 நாள்களுக்குக் கணக்கிட்டால் சுமார் 11 கோடி கன மீட்டர். அந்தத் தண்ணீர் அருவியைத் தாண்டி ஏரிக்கும், ஏரியிலிருந்து எய்யோவுக்கும் வருகிறது. விதி சுற்றுலாப் பருவத்தைக் கருதி வகுக்கப்பட்டது. ஆற்றுக்குக் குளிர்காலமும் உண்டு, சால்மன் மீனின் முட்டைகள் சரளைக்குள் கிடப்பது அப்போதுதான். நீர்மட்டம் இறங்கினால் விளிம்பில் உள்ள முட்டைகள் உறைந்து போகும். பெரிய சால்மனுக்குப் பெயர்பெற்ற ஆறு எய்யோ. அதன் கோடைகால அழகை மட்டும் வைத்து உடல்நலத்தை மதிப்பிடுவது சரியல்ல என்பது எங்கள் கருத்து.

(காட்சி: கணக்குப் பலகை.)

குரல்:
அடுத்து வெள்ளம். மே, ஜூனில் மேட்டுச் சமவெளியின் பனி உருகும்போது ஒரு ஏற்றம். அக்டோபரை ஒட்டி மேற்கிலிருந்து வரும் பெருமழையில் இன்னொன்று. ஏரி இரண்டையும் தணிக்கிறது. எவ்வளவு தணிக்கும்? ஏரியின் பரப்பு ஏறக்குறைய 3.5 சதுர கிலோமீட்டர். மட்டம் 1 மீட்டர் ஏற 35 லட்சம் கன மீட்டர் வேண்டும். உள்ளே வரும் நீர், வெளியேறுவதைவிட வினாடிக்கு 100 கன மீட்டர் அதிகம் என்று வைத்துக்கொண்டால், அந்த 1 மீட்டர் ஏறக் கிட்டத்தட்ட 10 மணி நேரம் ஆகும். இரண்டு மணி நேர மழைக்கு இது பெரிய பாதுகாப்பு. இரண்டு நாள் மழைக்கு அப்படிச் சொல்ல முடியாது. ஏரி நிரம்பிய பிறகு வருவதெல்லாம் அப்படியே வெளியே போகும்.

அதே ஹார்டாங்கரில், தெற்குக் கிளையின் முனையில் உள்ள ஒட்டா ஊரில் ஓபோ என்ற ஆறு இருக்கிறது. அமைப்பு அச்சாக எய்யோவைப் போன்றது: மேலே சான்ட்வின்வாட்ன ஏரி, நடுவே பனியாறு விட்டுச்சென்ற குவியல், கீழே ஃபியோர்ட். 2014 அக்டோபர் இறுதியில் பெய்த மழையில் ஓபோ கரையைக் குடைந்து ஐந்து வீடுகளை அடித்துச் சென்றது. வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததால் வந்த சேதமல்ல அது. வீட்டின் கீழிருந்த நிலமே போய்விட்டது. ஆற்றிலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் வீடு இருக்கிறது என்று மட்டும் பார்த்தால் இந்த ஆபத்து கண்ணில் படாது. கரை பாறையா, சரளையா என்று பார்க்க வேண்டும்.

(காட்சி: பக்கத்துப் பள்ளத்தாக்கு. மேலே ஹார்டாங்கர்யோக்குலன் பனித்தொப்பி, அதிலிருந்து தொங்கும் பனிநாக்கு.)

குரல்:
எய்யோவிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, சீமாடால் பள்ளத்தாக்கில் ஓடும் ஆறும் சிறியதுதான். அதன் வெள்ளத்துக்கு மழை தேவைப்படவில்லை. ஹார்டாங்கர்யோக்குலனிலிருந்து இறங்கும் ரெம்பெஸ்டால்ஸ்கோகா என்ற பனிநாக்கு, பக்கவாட்டுப் பள்ளம் ஒன்றை அடைத்துக்கொண்டிருந்தது. அடைபட்ட இடத்தில் தெம்மெவாட்ன என்ற ஏரி தேங்கியது. பனியால் ஆன அணை அது.

பனி நீரில் மிதக்கக்கூடியது. ஏரியின் ஆழம் பனியின் தடிப்பில் பத்தில் ஒன்பது பங்கை நெருங்கும்போது, அணை அடியிலிருந்து தூக்கப்படும். ஒரு சிறு வழி திறந்தால் போதும். ஓடும் நீரின் வெப்பம் அந்த வழியை உருக்கி அகலப்படுத்தும், அகலமானதும் இன்னும் வேகமாக ஓடும். 1893-இல் இப்படிச் சுமார் 3.5 கோடி கன மீட்டர் நீர் ஏறத்தாழ ஒரு நாளில் பள்ளத்தாக்கில் பாய்ந்தது. 1899-இல் ஏரியின் மட்டத்தைக் குறைக்கப் பாறையில் சுரங்கம் குடைந்தார்கள்.

சுரங்கம் நல்ல யோசனைதான், ஆனால் பனிநாக்கு மெலிந்துகொண்டே வந்தது. மெலிந்த அணை, தாழ்ந்த மட்டத்திலேயே மிதக்கத் தொடங்கும். 1937-இல் ஏறக்குறைய 1.2 கோடி கன மீட்டர் மூன்றரை மணி நேரத்தில் வெளியேறியது. சராசரியாக வினாடிக்கு 950 கன மீட்டர், 1893-இன் சராசரியைப்போல இரண்டு மடங்குக்கு மேல். மொத்த நீர் குறைவு, வேகம் அதிகம். 1938-இல் மீண்டும் ஒருமுறை. அதன்பின் இன்னும் தாழ்வாகப் புதிய சுரங்கம் அமைத்தார்கள். பல பத்தாண்டு அமைதிக்குப் பிறகு, பனி மேலும் மெலிந்ததால், 2014-இல் ஏரி மறுபடியும் திடீரென்று காலியானது. இப்போது கீழே மின்திட்டத்தின் ரெம்பெஸ்டால்ஸ்வாட்ன நீர்த்தேக்கம் இருப்பதால் வெள்ளம் முதலில் அதில்தான் விழுகிறது.

(காட்சி: எய்யோவின் முகத்துவாரம். ஆற்றுநீருக்கும் கடல்நீருக்கும் இடையே நிற வேறுபாடு. பிறகு நீரின் குறுக்குவெட்டு.)

குரல்:
ஆறு கடலில் சேர்ந்ததும் கதை முடிவதில்லை. நன்னீர் லேசானது, கடல்நீர் கனமானது. ஃபியோர்டில் அலை குறைவு, ஓத ஏற்ற இறக்கமும் ஒரு மீட்டர் அளவுதான், ஆகவே கலக்குவதற்கு வலுவான கை இல்லை. நன்னீர் சில மீட்டர் தடிப்புள்ள போர்வையாக மேலே விரிந்து கடலை நோக்கி நகர்கிறது. நகரும்போது அடியிலிருந்து உப்புநீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னோடு இழுத்துக்கொள்கிறது. இழுக்கப்பட்ட நீரின் இடத்தை நிரப்ப, அடியில் கடல்நீர் உள்நோக்கி வருகிறது. மேலே வெளியே, கீழே உள்ளே.

எவ்வளவு இழுக்கிறது என்பதை எளிய கணக்கால் சொல்லலாம். அடிநீரின் உப்பளவு 33 என்று வைத்துக்கொள்வோம், ஒரு கிலோ நீரில் இத்தனை கிராம் உப்பு என்ற அளவில். மேலடுக்கின் உப்பளவை அதிலிருந்து கழித்து, 33-ஐ அந்த விடையால் வகுங்கள். முகத்துவாரத்துக்கு அருகே மேலடுக்கு 11 என்றால், 33 வகுத்தல் 22, ஒன்றரை. கடலை நோக்கிப் போகும் நீர், ஆறு கொடுத்ததைப்போல ஒன்றரை மடங்கு. இன்னும் தொலைவில் மேலடுக்கு 22 ஆகிவிட்டால், 33 வகுத்தல் 11, மூன்று மடங்கு. ஒரு குட்டி ஆறு தன்னைவிடப் பல மடங்கு நீரை நகர்த்துகிறது. மேலே இருப்பது சீராகக் கலந்த ஒரே அடுக்கு என்று எடுத்துக்கொண்டு போடும் கணக்கு இது.

அளக்கும்போது நடக்கும் பிழை ஒன்று. உப்பளவுக் கருவியைப் படகின் பின்பக்கத்திலிருந்து இறக்குகிறார்கள். விசிறி கலக்கிய நீரில் அடுக்கு தெரியாது. எஞ்சினை நிறுத்தி, சிறிது நேரம் மிதக்கவிட்டு, முன்பக்கத்திலிருந்து இறக்க வேண்டும். முதல் 5 மீட்டருக்கு அரை மீட்டருக்கு ஒரு அளவு, அதற்குக் கீழே இடைவெளியைக் கூட்டலாம். மாற்றமெல்லாம் மேலேதான்.

குளிர்காலத்தில் இந்தப் போர்வைதான் உறையும். முழு உப்புள்ள கடல்நீர் உறைய மைனஸ் 1.9 பாகை வேண்டும், நன்னீருக்குப் பூஜ்யம் போதும். முன்பெல்லாம் குளிர்காலத்தில் ஆறுகள் ஒடுங்கியிருக்கும், போர்வையும் மெலிந்திருக்கும். மின்நிலையங்கள் குளிர்காலத்தில்தான் அதிகம் ஓடுகின்றன. அப்போது அவை விடும் நன்னீர், ஃபியோர்டின் உள்முனைகளில் பனிக்கட்டி பிடிப்பதை எளிதாக்குகிறது.

(காட்சி: கடலடிச் சரிவின் வரைபடம்.)

குரல்:
முகத்துவாரத்தின் நீருக்கடியிலும் சாய்வடுக்குதான். கரையிலிருந்து சில காலடி தூரம் வரை ஆழமில்லாத சரளை, பிறகு சட்டென்று இறக்கம். பெரிய சுற்றுலாக் கப்பல்கள் ஊரை ஒட்டி வந்து நிற்க முடிவது இந்தத் திடீர் ஆழத்தால். ஆனால் தளர்ந்த மணலின் செங்குத்துச் சரிவு எப்போதும் கவனம் கேட்கும். கரையில் மண் கொட்டி நிலத்தை நீட்டினால் சரிவின் தலையில் எடை கூடும். கடல் வற்றிய நேரத்தில், வெளியே நீரின் தாங்குதல் குறைந்து, மணலுக்குள் இருக்கும் நீர் மட்டும் வெளியேறாமல் அழுத்தும். இத்தகைய நேரங்களில்தான் நார்வேயின் ஃபியோர்ட் கரைகள் பல சரிந்திருக்கின்றன. 1996 ஜூனில் வடக்கே ஃபின்னெய்ட்ஃபியோர்டில் நீருக்கடியில் தொடங்கிய சரிவு கரைக்கு ஏறி, வீட்டையும் சாலையையும் இழுத்துக்கொண்டது. நான்கு பேர் இறந்தார்கள். அங்கே மணலோடு உணர்திறன் மிக்க களிமண்ணும் இருந்தது. மண் வகை வேறானாலும், கரையில் வேலை தொடங்கும் முன் கடலடிச் சரிவை அளக்க வேண்டும் என்பதில் மாற்றமில்லை.

(காட்சி: கணினித் திரையில் நிலப்படம்.)

குரல்:
இதையெல்லாம் நீங்களே வரைந்து பார்க்கலாம். நார்வே நில அளவைத் துறையான கார்ட்வெர்க்கெட் தன் நிலப்படங்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. எய்ட்ஃபியோர்டைத் தேடி, ஃபியோர்டிலிருந்து ஏரி வரை ஒரு நேர்கோடு இழுங்கள். 20 மீட்டருக்கு ஒன்றாக உயரக் கோடுகள் வரும். ஒவ்வொன்றையும் கோடு வெட்டும் இடத்தைக் குறித்து, வரைதாளில் ஏற்றுங்கள். கோட்டை ஆற்றின் மேலேயே இழுத்தால் மேடை தெரியாது, ஆறுதான் அதை அறுத்துவிட்டதே. ஹேரெய்ட் வழியாக இன்னொரு கோடு இழுத்து இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். இடையில் உள்ள வெற்றிடம், எய்யோ அள்ளிச்சென்ற மணல்.

உயர அளவை நீள அளவைவிட ஐந்து மடங்கு பெரிதாக்கினால் வடிவம் நன்றாகத் தெரியும், ஆனால் சாய்வுகள் பொய்யாகச் செங்குத்தாகும். அதில் பாகைமானி வைத்து அளக்க வேண்டாம். கடலடியையும் சேர்க்க விரும்பினால் கடற்பட ஆழங்களை எடுங்கள், ஆனால் அவற்றின் பூஜ்யமும் நிலப்படத்தின் பூஜ்யமும் ஒன்றல்ல. கப்பல் தரைதட்டக் கூடாது என்பதற்காகக் கடற்படம் தாழ்ந்த நீர்மட்டத்திலிருந்து ஆழத்தைக் கணக்கிடுகிறது. அந்த வேறுபாட்டைத் திருத்தாமல் இரண்டையும் ஒட்டினால், கரையோரத்தில் இல்லாத ஒரு படிக்கட்டு உங்கள் வரைபடத்தில் முளைத்திருக்கும்.